மிஸ்டர் நந்தனுக்குப் பழக்கூடை

"ஹலோ, விநாசித்தம்பி உணவகம்… ஹலோ?… ஓ, தியாகு தம்பியா! சொல்லுங்க… சரி… சரி. சார். சொல்லுங்க சார்… இல்ல சார், மெஷின் நல்லாத்தான் ஓடுது. நீங்க லைன்ல இருக்கீங்கல்ல, ஒரு ஆர்டரும் உள்ள வரல. அதனால ரொம்ப நல்லா ஓடுது…"

குயின் ஸ்ட்ரீட்டில் பகல் பதினொன்றரை மணி என்பது சுற்றியுள்ள அத்தனை ஆபீஸ்களுக்கும் ஒரே சமயத்தில் பசியெடுக்கிற நேரம். அந்த நேரத்தில் விநாசித்தம்பி உணவகத்தின் ஆர்டர் போனைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசுகிற துணிச்சல் ஒருவருக்குத்தான் உண்டு. முதலாளி விநாசித்தம்பியின் மகன் தியாகராஜா. இங்கிலாந்தில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பியவர். திரும்பிய மறுமாதமே அப்பாவின் கடைக்கு 'சிஸ்டம்ஸ் டைரக்டர்' ஆனார். அதற்கடுத்த வாரம் அந்தப் பதவியைத் தங்க எழுத்தில் அட்டையடித்து, டையும் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து 'தம்பி' என்ற சொல் அவர் காதில் விழுவதில்லை.

ருக்குமணிக்கு அட்டையடிக்கிற மாதிரிப் பதவி எதுவும் கிடையாது. பதினாறு வருடமாக அந்தப் போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புங்குஸ் ஆர்டர் எடுக்கிறாள், அவ்வளவுதான். கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டுக்குப் பினாங்கில் அதுதான் பெயர். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன சொற்களில் அதுவும் ஒன்று.

"ஆமா சார், விழா ரெண்டு மணிக்கு… தெரியும்… டத்தோ வராரு… பேப்பர்காரங்களும் வராங்க… சரி, சாப்பாடு நம்ம கடையிலேருந்துதானே? எத்தனை பேருன்னு இப்பவே சொன்னாத்தான் பழனியப்பண்ணே அரிசி… என்னது?… ஹோட்டல்ல சொல்லியாச்சா?… சாண்ட்விச்சா?… இல்லலா சார், நான் ஒண்ணும் சொல்லல. டத்தோவோட வயிறு, நம்ம சாப்பாட்டைக் குடுத்து எதுக்கு ரிஸ்க் எடுக்கணும். சரிதான்…"

விழா அந்த மெஷினுக்கு; டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து திறந்துவைக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் நான்கு பேர் தூக்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, நெற்றியில் 'புங்குஸ் 2020' என்று ஒரு பெயர்ப்பலகை. நாடே அந்த 2020-ஐ எட்டிப்பிடிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, தியாகராஜா அதைத் தொண்ணூற்று மூன்றிலேயே பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ருக்குமணி இங்கே தட்டினால் சமையலறையில் ஒரு பிரிண்டர் கீச்சுக்கீச்சென்று கத்தி, காகித நாக்கை நீட்டும். சமையல்காரர் பழனியப்பன் அதைக் கிழித்துப் படித்துப் பொட்டலம் கட்டுவார். அதற்கு முன்பெல்லாம் ருக்குமணி திரும்பி ஒரு குரல் கொடுப்பாள். அதற்குக் கரண்டு தேவைப்பட்டதில்லை.

"யாரை?… யாரைக் கூட்டிக்கிட்டு வரணும்?… நந்தனா?… எந்த நந்தன் சார்?… நம்ம நம்பர் ஒன் கஸ்டமரா?… நம்ம கடைக்கு அப்படி யாரும்… மெஷின் சொல்லுதா?… மூணு வாரத்துல நானூத்திப் பன்னெண்டு பொட்டலம்… ம்… ம்… மேடையில கூப்பிட்டு… டத்தோ கையால பழக்கூடை… இன்விடேஷன்ல பேரே அடிச்சாச்சா?… ஒரு நிமிஷம் சார். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்களேன்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னாள்.

"என்… ஏ… என்… டி… எச்… ஏ… என்."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

குயின் ஸ்ட்ரீட்டையும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டையும் சேர்ந்த தமிழர்களுக்குப் போனில் பெயர் சொல்கிற வழக்கமில்லை. தெரிந்த கடைக்குப் போன் பண்ணித் தன் பெயரைச் சொல்வதென்றால், 'நீ என்னை மறந்துவிட்டாய்' என்று குற்றம் சாட்டுகிற மாதிரி. அதனால் எல்லோரும் ஒரே வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்கள்: 'நாந்தான்.' நாந்தான், அதே மூணு. நாந்தான், இன்னிக்கு ஒண்ணு கூட. ருக்குமணிக்கு இருமலை வைத்து ஆளைத் தெரியும். பின்னால் ஓடுகிற தையல் மெஷின் சத்தத்தை வைத்துக் கடையைத் தெரியும். ஆனால் 2020-க்கு அது போதவில்லை. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'கீ' என்று கத்தியது. அதைச் சமாளிக்க தியாகராஜா பத்துக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். நான்காவது கட்டளை: வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே தட்டவும்; சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது.

ருக்குமணி நான்காவது கட்டளையைச் சுத்தமாகக் கடைப்பிடித்தாள்.

"இல்ல சார், இருக்கேன், இருக்கேன்… தும்மல் வந்துச்சு… நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா?… பாக்கணும்னு இல்லையா… ரிப்போர்ட்டைப் பாத்தாலே ஆளு எப்படின்னு தெரியுமா… சரி சொல்லுங்க, எப்படி?… பெரிய பிசினஸ்மேன்… ம்… ஒரே நேரத்துல சைவச் சோறும் வாங்குறாரு, ஆட்டுக்கறியும் வாங்குறாரு… அதனால வீட்டுக்கு நெறைய விருந்தாளி… ம்… தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறவங்களுக்கு அன்னதானம் பண்றாரா?… ஆட்டுக்கறியிலயா சார்?… சரி, சரி, சைவத்துல. கறி அவருக்கு."

முந்தானை மறுபடியும் வாய்க்குப் போனது.

"என்னது, முதலாளி ஐயாவுக்கே அவரைத் தெரியுமா?… ரயில்வேல கூட வேலை பாத்தவரா!… பிறை ஸ்டேஷன்ல… அலாமாக், அப்படியா… ரெண்டு பேரும் தினம் ஒண்ணா டீ குடிச்சிருக்காங்களா?… ரொம்பத் தங்கமான மனுஷனா… சர்க்கரை கம்மியாப் போட்டுக் குடிப்பாரா… ஐயாவுக்கு நல்ல ஞாபகம் சார்."

சமையலறைப் பக்கமிருந்து பழனியப்பன் எட்டிப்பார்த்தார். பிரிண்டர் இத்தனை நேரம் கத்தாமலிருந்தது அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ருக்குமணி போனைக் காட்டி, விரலால் கழுத்தில் ஒரு டை வரைந்து காட்டினாள். அவர் புரிந்துகொண்டு போய்விட்டார்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?… கோவிச்சுக்கக் கூடாது… டை கட்டிக்கிட்டிருக்கீங்களா? அப்ப ரொம்ப இறுக்காதீங்க. அந்தப் பேரை இன்னொருக்கா வாய்விட்டுப் படிங்க… இல்ல, இங்கிலீஷ்ல வேணாம்… தமிழ்ல. கொஞ்சம் இழுத்து… 'ந' இல்ல சார், 'நா'… ம்… 'ந்தா'… ஆமா… கடைசியில ஒரு 'ன்'… சேத்துச் சொல்லுங்க…"

போனில் காகிதம் ஒன்று கசங்குகிற சத்தம் கேட்டது.

"சார்?… இருக்கீங்களா?… ஆமா சார்… ஆமா… எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, யாருன்னு கேட்டா… நீங்க ஐயாவுக்குப் போன் பண்ணினா என்ன சொல்வீங்க?… அதான்… அத்தனை பேரும் ஒரே ஆளுன்னு மெஷின் நெனைச்சுக்கிச்சு. அதுக்கு என்ன தெரியும், பாவம், இங்கிலீஷ் படிச்சது… சார், நான் சிரிக்கல. சத்தியமா. இங்க மொளகா வறுக்குறாங்க… அப்ப டீ குடிச்சவரு யாரா? அதை ஐயா கிட்டத்தான் கேக்கணும்."

சிரிப்பு அதோடு நின்றது. அடுத்து அந்தப் பக்கமிருந்து வந்தது உடனே காதில் ஏறவில்லை. ஏறியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?… இல்ல, இன்னொருக்கா சொல்லுங்க… இல்லாத ஆளு பேருல நானூத்திப் பன்னெண்டு பொட்டலம் போயிருக்கு. அப்ப யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு கேக்குறீங்க… என்னைக் கேக்குறீங்க… சார், நான் சாயந்தரம் பஸ்ல போறவ. ஒரு கையில பையி, ஒரு கையில கம்பி. ஒரு நாளைக்கு இருபது பொட்டலம் எங்க வெச்சுக்கிட்டுப் போவேன், கொண்டையிலயா?… மரியாதையாத்தான் பேசறேன். நீங்கதான் திருடின்னு சொன்னீங்க… அந்த வார்த்தையைச் சொல்லல, சரி. வார்த்தையைத் தவிர மத்ததெல்லாம் சொல்லிட்டீங்க…"

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"லிஸ்ட்டா?… ஒவ்வொரு நாந்தானும் யாரு, பேரு, எந்தத் தெரு, என்ன சாப்பிடறாங்க, என்னிக்கு சாப்பிடறாங்க… ரெண்டு மணிக்குள்ள எழுதி… ம்… அதுல அதிகமா வாங்கினவரைப் பாத்து மேடையில ஏத்திடலாம்… கஸ்டமர் ப்ரொபைல்… அப்படின்னா என்ன சார்?… ஓ. அடுத்தவங்க எலைய எட்டிப் பாக்குறதுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரா… தெரியும் சார். தெரியாம என்ன? நானூத்திப் பன்னெண்டும் யாரு யாருன்னு தெரியும். உங்க மெஷினுக்கு மெமரி இருக்கு, எனக்கு ஞாபகம் இருக்கு… இல்ல. தர மாட்டேன்… கேக்கலையா? தர மாட்டேன்னேன்."

அவள் இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடத்தில் இந்தக் கடையில் அவள் 'மாட்டேன்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"ஏன்னா?… பேரு வெளிய தெரிய வேணாம்னுதானே பாதிப் பேரு எனக்குப் போன் பண்றாங்க… சொல்றேன், பேரு இல்லாம சொல்றேன். ஒருத்தருக்கு நெய்யைக் கண்ணாலகூடப் பாக்காதேன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. வீட்டுல ஓட்ஸ் குடிச்சிட்டு ஆபீஸ்ல நெய்ச்சோறு சாப்பிடறாரு. அவரு பொண்டாட்டி கையில உங்க ரிப்போர்ட்டு போனா என்ன ஆகும்?… இன்னொருத்தரு காவடிக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம். நாப்பது நாளு சுத்தமா இருந்தாரு. நாப்பத்தொண்ணாவது நாளு போன் பண்ணி 'நாந்தான்'னாரு பாருங்க, அந்தக் குரலைக் கேட்டிருந்தா நீங்களே கறியை வெச்சுக் கட்டியிருப்பீங்க… அது முருகனுக்கும் அவருக்கும் உள்ளது. நடுவுல பிரிண்டர் எதுக்கு?… ஆமா சார், வேணும்னேதான் செஞ்சேன். மொத நாளு உங்க சட்டத்துக்காகத் தட்டினேன். ரெண்டாம் நாளு பாத்தேன், இது நல்லா இருக்கே, யாரு பேரும் வெளிய வராதேன்னு, அப்புறம் பேரு சொன்னவங்களுக்கும் அதையே தட்டினேன்… பழக்கூடையா? பிரிச்சுக் குடுங்க. ஆளுக்கு ரெண்டு திராட்சை வரும்."

அப்போது போனுக்குள் மணி அடித்தது.

கம்மிய மணி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கர்ரென்று தொண்டையைச் செருமிக்கொள்ளும். விநாசித்தம்பி ஓய்வு பெற்றபோது ரயில்வே கொடுத்த, கால் மணிக்கொரு தரம் அடிக்கிற சுவர்க்கடிகாரம் அது. ருக்குமணி அதை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாகத் தினமும் பதினொன்றே முக்காலுக்குக் கேட்கிறாள்; ஒரு தணிந்த குரல் 'நாந்தான்' என்று சொல்லும்போது, அதன் பின்னால்.

அது முதலாளியின் மனைவி நல்லம்மாவின் குரல்.

விநாசித்தம்பிக்கு ஒரு பெருமை உண்டு. கடை வைத்திருக்கிற தன் வாயில் கல்யாணமானதிலிருந்து முப்பத்தைந்து வருடமாகக் கடைச்சோறு நுழைந்ததில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வீட்டில் மனைவி வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறியைச் சாப்பிட்டுவிட்டு மாலையில் கடைக்கு வந்து, 'அந்தக் கைப்பக்குவம் உனக்கு எப்போது வரும்?' என்று பழனியப்பனைத் திட்டுவார். இரண்டு வருடத்துக்கு முன் நல்லம்மாவின் இரண்டு மணிக்கட்டும் வீங்கின. தேங்காய் துருவ முடியவில்லை. பால் பிழிய முடியவில்லை. பெருமையின் மேல் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் அதைச் சொல்ல ஒரு நல்ல வேளை அமையவில்லை. அன்றிலிருந்து பழனியப்பன் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறி, யாருக்கென்று பழனியப்பனுக்கே தெரியாமல், ட்ரைஷாக்காரர் சிக்கந்தரின் வண்டியில் ஏறிப் போய், நல்லம்மாவின் சட்டிக்கு மாறி, விநாசித்தம்பியின் தட்டில் விழுந்து, மாலையில் வசவாகத் திரும்பிப் பழனியப்பனிடமே வந்து சேர்ந்தது.

"சார்… நீங்க வீட்டிலேருந்தா பேசறீங்க?… ஆபீஸ்லன்னு நெனைச்சேன்… டிரஸ் மாத்தவா. சரி… அம்மா எங்க இருக்காங்க?… இல்ல, சும்மாதான்… உங்க பக்கத்துலதான் நடந்துக்கிட்டு இருக்காங்களா… சார், கொஞ்ச நேரம் போனை வெச்சிடறீங்களா? அஞ்சே நிமிஷம். அப்புறம் திரும்பப் பண்ணி எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க… ஒரு ஆர்டர் வர்ற நேரம்… முக்கியமான ஆர்டர்… அதைவிட இது முக்கியமா?… ஒரு மணிக்கு ஒருத்தர் தட்டு முன்னாடி உக்காந்துருவாரு சார்…"

தியாகராஜா போனை வைக்கிற மாதிரித் தெரியவில்லை. அவர் இப்போது பிரசங்கத்தில் இறங்கியிருந்தார்.

"ம்… ம்… மறைக்க விஷயம் உள்ளவங்கதான் பேரை மறைப்பாங்க… ம்… ஒழுங்கான குடும்பத்துக்கு அந்த அவசியம் இல்ல… உங்க வீட்டுல கடைச்சாப்பாடே வாசப்படி ஏறினதில்ல… அம்மா கையைத் தவிர வேற கை பட்ட சோத்தை ஐயா தொட்டதில்ல… விழாவுல அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறீங்களா… டத்தோ முன்னாடி… அம்மாவை மேடையில உக்கார வெச்சிக்கிட்டு…"

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் திருட்டுப் பழி போகும், நாற்காலி நிற்கும், டை அவிழும், விழா கவிழும். ருக்குமணி வாயைத் திறந்தாள். போனின் அந்தப் பக்கத்தில், தியாகராஜாவின் குரலுக்குப் பின்னால், வளையல் சத்தம் ஒன்று போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

"அப்படியா சார்," என்றாள். "ரொம்ப நல்லது சார்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. என்னைத் திருடின்னீங்க, கேட்டுக்கிட்டேன். அவங்களை ஒழுங்கில்லாதவங்கன்னு சொல்லாதீங்க. அவங்கள்ல ஒருத்தரு கால்ல நீங்க தெனம் விழணும்… யாருன்னு சொல்ல மாட்டேன்… நீங்க கத்தினாலும் சொல்ல மாட்டேன்… மாக் மண்டினா?… கடல் தாண்டி, நாம நடத்துற பேக்டரி கேண்டீன்லயா… பொட்டலம் கட்டவா… திங்கக்கிழமையிலேருந்து… இந்த நாற்காலிக்கு, ஆபீஸ்லேருந்து கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு வருது… சரி. இல்லேன்னா?… ஒரே ஒரு பேரு. ஒரு பேரு சொன்னாப் போதும், எல்லாத்தையும் மறந்துருவீங்க… சொல்லலேன்னா விடியக்காலம் பெர்ரிக் கப்பல் ஏறணும்… அப்ப பெர்ரி சார்… ஆமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். பெர்ரியில காத்து நல்லா வரும். இங்க ஃபேன்கூட உங்க மெஷினைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கு… அந்தப் பொண்ணு வரட்டும், தாராளமா வரட்டும். யாருன்னு கேக்கட்டும். 'நாந்தான்'னு சொல்லுவாங்க. தட்டட்டும். ஆனா ஒண்ணு சார், திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் போனு என் கையிலதான். இப்ப லைன் வேணும். வைக்கப்… ஹலோ?… ஹலோ?"

அந்தப் பக்கம் ஏதோ இழுபறி. போன் மேசையில் இடித்தது. யாரோ அதட்டினார்கள். பிறகு வளையல் சத்தம் மிக அருகில் கேட்டது.

ருக்குமணி சட்டென்று எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அம்மா!… இல்லம்மா, நான் ஒண்ணும் சொல்லல… சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல… தம்பி அங்கதான் நிக்கிறாங்களா?… பக்கத்துலயா?… அப்ப நான் கேக்குறேன், நீங்க 'ம்'னு மட்டும் சொல்லுங்க, போதும். அதே மூணுதானே?… அம்மா? 'ம்'னு சொன்னாப் போதும்மா…"

அவள் குரலைத் தணித்துக்கொண்டே போனாள். ஆனால் அங்கே குரல் தணியவில்லை. போனைக் காதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"கேக்குதும்மா, கேக்குது… எதுக்கு இவ்வளவு சத்தமா… கத்தரிக்கா பால்கறி… ஆமா… பருப்பு… ஆமா… சொதி… தனித்தனியா, தெரியும்… ஐயா ஒரு மணிக்கு உக்காந்துருவாரு, தெரியாதா எனக்கு, ரெண்டு வருஷமா அனுப்புறேன்… ஐயோ, நானே சொல்லிட்டேனா… ரெண்டு வருஷமுன்னு நீங்களே தம்பிகிட்ட சொல்லியாச்சா?… இப்பவா?… என்னம்மா சத்தம் அங்க, ஏதோ விழுந்த மாதிரி?… தம்பி அப்படியே உக்காந்துட்டாங்களா. தண்ணி குடுங்கம்மா…"

நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். திரையில் பச்சைக் கோடு கண்சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. விரல்கள் பழக்கத்தில் அதே ஏழு எழுத்தைத் தட்டிவிட்டிருந்தன.

"கை எப்படிம்மா இருக்கு?… ரெண்டுமா?… போனைப் பிடிச்சிருக்கறதே வலிக்குதா… அப்ப சீக்கிரம் வெச்சிடுங்க… மாக் மண்டினா? அது தம்பி கோவத்துல… அவங்க மெஷினைத் தூக்கிக்கிட்டு அவங்களே போகட்டுமா? நான் சொல்லலம்மா, நீங்க சொல்றீங்க… ஐயாவுக்கு?… நீங்களே சொல்லிக்கிறீங்களா… இன்னிக்கேவா?… சாப்பிட்டப்புறம் சொல்லுங்கம்மா. முன்னாடி சொன்னா எறங்காது… ஆமா… ரெண்டாவது தடவை பால்கறி கேப்பாருல்ல, அப்பச் சொல்லுங்க…"

அவள் 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தப் போனாள்.

"பேரா? அது போட்டாச்சும்மா, வழக்கம்போலதான்… வேணாமா?… என்ன போடட்டும்?… அம்மா. கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. இதுல ஒருக்கா ஏறினா அழியாது. மாசக் கடைசியில ரிப்போர்ட்டுல வரும், ஐயா மேசைக்குப் போகும், யாரு வேணும்னாலும் படிக்கலாம்… சரி… சரிம்மா… நீங்களே சொல்றதுன்னா எனக்கு என்ன. சொல்லுங்க, தட்டுறேன்."

அவள் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் போனுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

"என்… ஏ… எல்… எல்… ஏ… எம்… எம்… ஏ. எட்டு எழுத்தும்மா. இந்தக் கட்டத்துல எட்டுக்குத்தான் எடம். சரியா உக்காந்துடுச்சு."

அழுத்தினாள். சமையலறையில் பிரிண்டர் கீச்சிட்டது. பழனியப்பன் காகிதத்தைக் கிழித்துப் படித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்து புருவத்தைத் தூக்கினார். அந்தப் பெயரில் இந்தக் கடைக்கு ஆர்டர் வந்ததே கிடையாது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?… பழனியப்பண்ணே சீட்டோட வந்து நிக்கிறாரு. யாரு இதுன்னு கேக்குறாரு… என்ன சொல்லட்டும்?… ம்… ம்… அதையுமா?… தெனம் வசவு வாங்கினதுக்கு… சரிம்மா. அப்படியே சொல்றேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ருக்குமணி போனை வைத்த கையை எடுக்காமலே பழனியப்பனைப் பார்த்தாள்.

"புது கஸ்டமர்ண்ணே. உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதாம், சொல்லச் சொன்னாங்க."

கை எடுப்பதற்குள் போன் மறுபடியும் அடித்தது.